கார் வாங்கும் முன் பைக்கை நிறுத்துங்கள்

கேள்வி: தஞ்சாவூரை அடுத்த மாரியம்மன் கோவில் பகுதியில் குடியிருக்கிறோம். நான் மருத்துவக் கல்லூரிச் சாலையில் ஒரு தனியார் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். காலையில் டவுன் பஸ் ஏறி, பழைய பேருந்து நிலையத்தில் மாறிப் போக ஒன்றேகால் மணி நேரம் ஆகிறது. இரவு எட்டு மணிக்கு வேலை முடிந்து திரும்பும்போது பஸ் எப்போது வரும் என்று சொல்லவே முடியாது. கணவர் கும்பகோணத்தில் கணக்கராக இருக்கிறார். தினமும் பைக்கில் போய்த் திரும்புகிறார், இடுப்புவலி வந்துவிட்டது. வயதான மாமியாரை மாதம் இருமுறை மருத்துவமனைக்கு அழைத்துப் போக வேண்டும். பதினைந்து வயது மகன் டியூஷனுக்கு ஸ்கூட்டர் கேட்டு நச்சரிக்கிறான். எங்கள் இருவர் சம்பளமும் சேர்ந்து மாதம் 62,000 ரூபாய். கையில் இரண்டு லட்சம் இருக்கிறது. ஆறு லட்சம் கடன் வாங்கி எட்டு லட்சத்தில் கார் எடுக்கலாம் என்கிறார் கணவர். சொந்தக்காரர்களும் அதையே சொல்கிறார்கள். கார் வாங்கலாமா, பஸ்ஸையே நம்பி இருக்கலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் காரையும் பஸ்ஸையும் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். கடிதத்தைப் படித்ததும் என் மனம் போய் நின்றது உங்கள் கணவரின் பைக்கில். போகவர 80 கிலோமீட்டர், அதில் பாதி இருட்டில். போக்குவரத்துப் பொறியாளனாக டெல்டா மாவட்டச் சாலைகளைப் பல காலம் பார்த்து வருபவன் என்ற முறையில் சொல்கிறேன்: உங்கள் வீட்டில் உடனே மாற வேண்டியது அந்தப் பயணம்தான். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 1,68,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். அதே ஆண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் முதலிடத்தில் இருந்தது நம் தமிழ்நாடு. இது பொதுக்கணக்கு. நம் பகுதிக்கென்று தனியாகச் சில ஆபத்துகள் உண்டு. அவை எந்த அட்டவணையிலும் வருவதில்லை. புரட்டாசி, ஐப்பசியில் குறுவை அறுவடை. தை, மாசியில் சம்பாவும் தாளடியும். அந்த மாதங்களில் சாலையின் ஒரு பாதியில் நெல் காய்கிறது. நெல்லைச் சுற்றிக் கல் அடுக்கி வைத்திருப்பார்கள். பகலில் தெரியும், இரவில் சக்கரம் ஏறிய பிறகுதான் தெரியும். காயவைக்க வேறு களம் இல்லாத விவசாயியைக் குறைசொல்லி என்ன செய்ய? கொள்முதல் நிலையத்துக்கு முன்னால் லாரிகள் வரிசைகட்டி நிற்கும். பின்விளக்கு எரியாத டிராக்டர் டிரெய்லர் வைக்கோலை இரண்டு பக்கமும் பிதுக்கிக்கொண்டு ஊர்ந்து போகும். அறுவடை இயந்திரம் ஒரு வயலிலிருந்து இன்னொரு வயலுக்கு மாறுவதும் இருட்டிய பிறகுதான். மார்கழியில் வயல்வெளிப் பனி சாலைமேல் வந்து படியும்போது பத்தடி தூரத்தில் இருப்பதும் தெரியாது. வடகிழக்குப் பருவமழையில் குழிகளை நீர் மூடிவிடும். வாய்க்கால் கரையோரச் சாலைகளில் பல இடங்களில் தடுப்புச் சுவரே கிடையாது.

இப்படிப்பட்ட சாலையில் ஆண்டு முழுவதும் இரவில் பைக் ஓட்டுகிறவர் எவ்வளவு கவனமானவராக இருந்தாலும், அவருடைய உயிர் அடுத்தவர் கவனத்தையும் நம்பித்தான் இருக்கிறது. ஆகவே அவர் பைக்கை விட வேண்டும் என்பதில் நான் அவர் பக்கம். அதற்குக் கார்தான் வழியா என்பதில்தான் வேறுபடுகிறேன்.

முதலில் பணக்கணக்கு. ஆறு லட்சம் கடனை ஒன்பதரை சதவீத வட்டியில் ஐந்து ஆண்டுகளில் அடைப்பதாக வைத்துக்கொள்வோம். மாதத் தவணை ஏறக்குறைய 12,600 ரூபாய். ஐந்தாண்டு முடிவில் வட்டியாக மட்டும் ஒன்றரை லட்சத்துக்கு மேல் கட்டியிருப்பீர்கள். எட்டு லட்சம் என்று நீங்கள் சொல்வது ஷோரூம் விலையா, எல்லாம் சேர்ந்த விலையா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். 2023 நவம்பரில் உயர்த்தப்பட்ட வாழ்நாள் வரிப்படி ஐந்து முதல் பத்து லட்சம் வரையுள்ள காருக்கு 13 சதவீதம். எட்டு லட்சத்துக்கு அது 1,04,000 ரூபாய். புதிய காருக்கு மூன்றாண்டு மூன்றாம் நபர் காப்பீட்டையும் சேர்த்தே எடுத்தாக வேண்டும். நீங்கள் சிறுகச் சிறுகச் சேர்த்த இரண்டு லட்சத்தில் பெரும்பகுதி, வண்டியின் விலைக்குப் போகாமல் இவற்றுக்கே போய்விடக்கூடும்.

அடுத்தது பெட்ரோல். மாதம் 25 நாள், நாளைக்கு 80 கிலோமீட்டர் என்றால் 2,000 கிலோமீட்டர். லிட்டருக்குப் பதினாறு கிலோமீட்டர் கொடுத்தாலும் 125 லிட்டர் வேண்டும். லிட்டர் நூறு ரூபாய் என்று குறைத்தே வைத்தாலும் 12,500 ரூபாய். சர்வீஸ், டயர், ஆண்டுக் காப்பீடு எல்லாவற்றையும் மாதக் கணக்கில் பிரித்தால் இன்னொரு 2,500. ஆக மாதம் 27,600 ரூபாய். இருவர் சம்பளத்தில் பாதியை நெருங்குகிறது. இத்தனைக்கும் அந்தக் கார் உங்களுக்கு உதவாது. காலையில் கும்பகோணம் போய்விடும், நீங்கள் அதே நிறுத்தத்தில் அதே டவுன் பஸ்ஸுக்குத்தான் நிற்பீர்கள். மாமியாரை வேலைநாளில் மருத்துவமனைக்கு அழைத்துப் போவதென்றால் கணவர் விடுப்பு எடுக்க வேண்டும், அல்லது நீங்கள் வாடகைக் கார்தான் பிடிக்க வேண்டும்.

தஞ்சாவூர், கும்பகோணம் பேருந்துகளை எடுத்துக்கொள்ளுங்கள். 2018 ஜனவரி இறுதியில் திருத்திய கட்டணப்படி விரைவுப் பேருந்துக்குக் கிலோமீட்டருக்கு 75 காசு. 40 கிலோமீட்டருக்கு 30 ரூபாய். அதன்மேல் சிறிது கூடலாம். மாதம் 1,500 ரூபாயைச் சுற்றி நிற்கும். பைக்கைப் பேருந்து நிலைய வாகனக் காப்பகம் வரை மட்டும் ஓட்டினால் பெட்ரோலும் காப்பகக் கட்டணமும் சேர்ந்து இன்னொரு 1,100. இப்போது அவர் பைக்குக்குப் போடும் பெட்ரோலே மாதம் 4,000 ரூபாயைத் தாண்டும் என்று கணக்கிடுகிறேன். அதையும்விட இது குறைவு.

ரயிலையும் சொல்ல வேண்டும். தஞ்சாவூரிலிருந்து பாபநாசம் வழியாகக் கும்பகோணம், மயிலாடுதுறை போகும் பாதை அவருக்கு நேர்வழி. மாத சீசன் டிக்கெட் எடுத்தால் பஸ்ஸைவிடவும் மலிவு. உட்கார்ந்து காலை நீட்டிக்கொள்ளலாம் என்பது இடுப்புவலிக்காரருக்குச் சின்ன விஷயமில்லை. ஆனால் திருச்சியிலிருந்து தஞ்சாவூர் வரை வந்த இரட்டைப்பாதை இந்தப் பக்கம் நீளவில்லை. ஒற்றைப் பாதையில் எதிர்வண்டிக்காகக் காத்துக் கிடப்பது வழக்கம். அதனால் காலையில் பஸ், மாலையில் நேரம் ஒத்து வந்தால் ரயில் என்று வைத்துக்கொள்வது நல்லது. ஒரு மாதம் பழகினால் எந்த ரயிலை நம்பலாம் என்பது அவருக்கே தெரிந்துவிடும்.

இதில் அவருக்கு நஷ்டமும் உண்டு, மறைக்க மாட்டேன். கதவுக்குக் கதவு பார்த்தால் பைக்கைவிட ஒவ்வொரு வழிக்கும் அரைமணி நேரம் கூடும். புதிய நான்குவழிச் சாலையில் கார் போனால் இன்னும் விரைவாகவே போகும். ஆனால் கும்பகோணத்துக்குள் நுழைந்த பிறகு என்ன ஆகிறது என்பது அவருக்குத் தெரிந்ததுதான். கோவில்களைச் சுற்றி அமைந்த ஊர்; தெருக்கள் கார்களுக்காகப் போட்டவை அல்ல. முகூர்த்த நாளிலும், நவகிரகக் கோவில் சுற்றுலா வேன்கள் குவியும் விடுமுறை நாளிலும் கடைவீதிப் பக்கம் ஒரு காரை நிறுத்த இடம் கண்டுபிடிப்பதற்குள் நெடுஞ்சாலையில் மிச்சப்படுத்திய நேரம் கரைந்துவிடும். 2028-இல் மகாமகம் வருகிறது. அதற்கான வேலைகள் தொடங்கத் தொடங்க ஊருக்குள் வண்டி ஓட்டுவது மேலும் கடினமாகும். இடுப்புவலிக்கு மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள். நாளைக்கு இரண்டு மணி நேரம் கிளட்ச் மிதிப்பது அதற்கு மருந்தாகுமா என்பதையும் அவரிடமே கேட்கச் சொல்லுங்கள்.

இப்போது உங்கள் பயணத்துக்கு வருகிறேன். உங்களை வாட்டுவது பயண நேரத்தைவிடக் காத்திருப்புதான் என்பது கடிதத்தின் ஒவ்வொரு வரியிலும் தெரிகிறது. காத்திருக்கும் பத்து நிமிடம், ஓடும் பஸ்ஸுக்குள் இருக்கும் இருபது நிமிடம் போலப் பயணிக்குத் தோன்றுகிறது என்பது எங்கள் துறையில் பல நாடுகளில் திரும்பத் திரும்பக் கண்ட முடிவு. அதற்கு மேல் ஒரு சிக்கல் இருக்கிறது. இருபது நிமிடத்துக்கு ஒரு பஸ் ஒழுங்காக வந்தால் சராசரியாகப் பத்து நிமிடம் காத்திருப்பீர்கள். அதே பஸ்கள் இரண்டிரண்டாக ஒட்டிக்கொண்டு வந்து, இடையில் நாற்பது நிமிடம் எதுவும் வராமல் போனால், சராசரிக் காத்திருப்பு இருபது நிமிடமாகிவிடும். பஸ்களின் எண்ணிக்கை குறையவே இல்லை. உங்கள் அவதி மட்டும் இரட்டிப்பாகிறது. ஏன் ஒட்டிக்கொள்கின்றன? முன்னால் போகும் பஸ் சற்றுத் தாமதமானால் ஒவ்வொரு நிறுத்தத்திலும் கூட்டம் சேர்ந்திருக்கும். ஏற்றி இறக்குவதில் அது மேலும் தாமதமாகும். பின்னால் வருவதற்கு ஆளே இருக்காது. விரைந்து வந்து முன்னதைப் பிடித்துவிடும். ஓட்டுநர்மேலோ நடத்துநர்மேலோ கோபப்பட்டுப் பயனில்லை. பழைய பேருந்து நிலையத்தில் நேரக்காப்பாளர் இடைவெளி பார்த்து அனுப்பினால் பாதி சரியாகும்.

உங்கள் கையில் இருப்பது வேறு. உங்களுக்கு ஒரு பயணத்தில் இரண்டு காத்திருப்புகள். அதில் ஒன்றை நீக்கிவிட்டால் போதும். திருவாரூர், நாகப்பட்டினம் பக்கமிருந்து வரும் வெளியூர்ப் பேருந்துகள் புதிய பேருந்து நிலையம் போய்ச் சேர்கின்றன. உங்கள் பகுதியில் அவை எங்கே நிற்கும், எந்த வழியாகப் போகும் என்று நடத்துநர்களிடம் ஒரு வாரம் கேட்டுப் பாருங்கள். அதில் போனால் பழைய பேருந்து நிலையத்தில் மாறும் வேலை இல்லை. புதிய பேருந்து நிலையத்திலிருந்து உங்கள் பணியிடம் பக்கம்தான்.

அதற்கு டிக்கெட் எடுக்க வேண்டியிருக்கும் என்பதால் தயங்காதீர்கள். 2021 மே 8-ஆம் தேதி முதல் அரசின் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. இதனால் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக் குழு கணக்கிட்டது. எத்தனையோ பெண்கள் வேலைக்குப் போகவே இது வழி திறந்தது. நான் மனமார மதிக்கும் திட்டம். ஆனால் நம் ஊர் நிறுத்தங்களில் ஒன்றைக் காண்கிறேன். தனியார் பஸ் வருகிறது, வெளியூர்ப் பஸ் வருகிறது. கட்டணமில்லாப் பஸ்ஸுக்காக அரைமணி நேரமாக நிற்கும் பெண்கள் அவற்றை விட்டுவிடுகிறார்கள். கூலிவேலைக்குப் போகிறவருக்கு அந்தப் பத்துப் பதினைந்து ரூபாய் பெரிது, அவர் நிற்பதில் நியாயம் உண்டு. மாதம் 12,600 ரூபாய் தவணை கட்ட யோசிக்கும் வீட்டில் நீங்கள் அப்படி நிற்க வேண்டியதில்லை. உங்கள் நேரத்துக்கும் விலை போடுங்கள். காலையில் பதினைந்து ரூபாய் கொடுத்து அரைமணி நேரத்தை மீட்டால் அது வீட்டுக்கு லாபம்.

இரவுதான் உண்மையான பிரச்சினை. நம்மைப் போன்ற நடுத்தர நகரங்களில் எட்டு மணிக்குமேல் டவுன் பஸ் மெலிந்துவிடுகிறது. அப்போது ஒரு பெண்ணை நிறுத்தத்தில் முக்கால் மணி நேரம் நிற்கச் சொல்லும் ஏற்பாட்டைப் பொதுப் போக்குவரத்து என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. புதிய, பழைய பேருந்து நிலையங்களுக்கு இடையே அந்த நேரத்திலும் பஸ் ஓரளவு கிடைக்கும். பழைய பேருந்து நிலையத்திலிருந்து வீட்டுக்கு, உங்கள் பகுதியிலேயே குடியிருக்கும் நம்பகமான ஆட்டோக்காரர் ஒருவரிடம் மாதக் கணக்குப் பேசிக்கொள்ளுங்கள். வீடு திரும்பும் வண்டி என்பதால் நியாயமான தொகைக்கு ஒப்புக்கொள்வார். நாளைக்கு நூறு ரூபாய் என்றால் மாதம் 2,500. இதை வீண்செலவு என்று வீட்டில் யாராவது சொன்னால் காரின் பெட்ரோல் செலவை மட்டும் எழுதிக் காட்டுங்கள்.

மாமியாருக்கு மாதம் இருமுறை வாடகைக் கார் வைத்துக்கொள்ளுங்கள். காத்திருந்து திரும்ப அழைத்து வரும் வண்டியாகப் பேசினால், பேருந்துப் படி ஏறும் கஷ்டமும் இல்லை, கணவருக்கு விடுப்பும் தேவையில்லை. தடவைக்கு 800 என்றால் 1,600. மாதம் ஒருநாள் குடும்பத்தோடு கோவிலுக்கோ கல்யாணத்துக்கோ கார் எடுக்க 3,500 ஒதுக்குங்கள். கணவரின் பஸ் செலவு, உங்கள் காலை டிக்கெட், இரவு ஆட்டோ எல்லாம் சேர்த்தாலும் ஏறக்குறைய 10,600 ரூபாய்தான் வருகிறது. சொந்தக் காருக்கு வேண்டியதைவிட மாதம் 17,000 குறைவு. ஓராண்டில் அது இரண்டு லட்சம்; நீங்கள் இன்று கையில் வைத்திருக்கும் சேமிப்பு அளவுக்கு இன்னொரு சேமிப்பு.

சொந்தக்காரர்கள் பேச்சு பற்றி எழுதியிருந்தீர்கள். விசேஷ வீட்டு வாசலில் காரில் வந்து இறங்குபவருக்கு ஒரு வரவேற்பு, பஸ்ஸில் வந்து நடந்து வருபவருக்கு ஒரு வரவேற்பு என்பது நம் ஊரில் இருக்கிறது. அதனால் உங்கள் கணவருக்கு வலிக்கிறது என்றால் அந்த வலி பொய்யில்லை. அதை இலேசாகப் பேசாதீர்கள். எண்களைக் காட்டி அவரை வாதத்தில் வெல்வதைவிட, ஒரே ஒரு மாதம் பைக் இல்லாமல் போய்ப் பார்க்கக் கேளுங்கள். அந்த மாதம் இரவில் அவர் வீட்டுக்கு வரும் முகத்தைப் பார்த்து இருவரும் முடிவெடுங்கள்.

மகன் விஷயத்தில் பேச்சுக்கே இடமில்லை. பதினைந்து வயதுப் பிள்ளை கையில் ஸ்கூட்டரைக் கொடுத்து அவன் சாலையில் ஓட்டினாலே, மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் சேர்த்த 199-ஏ பிரிவின்படி பெற்றோருக்கு மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. சட்டத்தை விடுங்கள், அவன் ஓட்டப்போவதும் மேலே சொன்ன அதே சாலையில்தான். சைக்கிள் வாங்கிக் கொடுங்கள்.

எந்த நிலையில் கார் சரி என்பதையும் சொல்லிவிடுகிறேன். மாமியாருக்கு வாரம் இரண்டு மூன்று முறை மருத்துவமனை போக வேண்டிய நிலை வந்தால், அல்லது கணவருக்குப் பஸ் போகாத உள்கிராமத்துக்கு மாற்றல் கிடைத்தால், வாங்குங்கள். அப்போதும் கடனில்லாமல், இந்த ஆண்டு மிச்சமாகும் பணத்தையும் சேர்த்து, நல்ல நிலையிலுள்ள பழைய காராகப் பாருங்கள். நம்பிக்கையான மெக்கானிக்கை அழைத்துப் போய், வெள்ளத்தில் நின்ற வண்டியா என்று கம்பளத்துக்கு அடியில் சேறும் துருவும் பார்த்து வாங்குங்கள்.

கடைசியாக ஒரு வேலை, இது உங்களுக்காக மட்டுமல்ல. உங்களைப் போன்ற சம்பளக்காரர்கள் பஸ்ஸை விட்டு விலக விலக, பஸ் கேட்டுக் குரல் கொடுப்பவர்கள் குறைகிறார்கள். பஸ் போய்வரும் நடைகள் வெட்டப்படும்போது கேட்க ஆளில்லை. கடைசி டவுன் பஸ்ஸை நம்பி ஜவுளிக்கடையில் நிற்கும் பெண்கள்தான் அதன் விலையைக் கொடுக்கிறார்கள். ஆகவே இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதுங்கள்: இரவு எத்தனை மணிக்கு நிறுத்தத்துக்கு வந்தீர்கள், எத்தனை மணிக்குப் பஸ் வந்தது, தட எண் என்ன, கூட எத்தனை பெண்கள் நின்றார்கள். ‘பஸ் வசதி வேண்டும்’ என்று பொதுவாக எழுதும் மனு காகிதக் கட்டுக்குள் போய்ச் சேரும். ‘இந்தத் தடத்தில் இரவு 8.10-க்கும் 8.55-க்கும் இடையில் பஸ் இல்லை, 8.30-க்கு ஒரு நடை வேண்டும்’ என்று நாள்வாரிக் குறிப்போடு எழுதும் மனுவுக்கு அதிகாரி பதில் சொல்லியாக வேண்டும். உடன் நிற்பவர்களிடமும் கையெழுத்து வாங்கி, திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் ஒரு பிரதியும், அரசுப் போக்குவரத்துக் கழகக் கிளை மேலாளரிடம் ஒரு பிரதியும் கொடுங்கள். 2025 ஜூனில் தஞ்சாவூரில் தொடங்கிவைத்த புதிய மினி பஸ் திட்டத்தில் உங்கள் குடியிருப்புத் தெருக்களுக்கு வழித்தடம் கேட்க முடியுமா என்று வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விசாரியுங்கள். குறிப்பை எழுதி முடித்ததும் எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்; மனுவின் வாசகத்தை நான் சரிபார்த்துத் தருகிறேன்.